ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு

யுத்த காலம். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியவர்கள் எல்லாம் பட்டணத்துக்குத் திரும்பி வந்த அடுத்த வருஷம். மயிலாப்பூரில் தெற்கு மாட வீதியை ஒட்டிய ஒரு சந்தில் சின்ன அச்சுக்கூடம். அதில் நான் கம்பாசிட்டர். ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, வரியாகக் கோத்து, வரிகளைப் பக்கமாகக் கட்டுகிற வேலை. எனக்கு முப்பது வயது. வேலை சுத்தம். வாய் மட்டும் சுத்தமில்லை.

எங்கள் முதலாளி அரிசி வியாபாரி. மாமனார் செத்துப்போனதால் அச்சுக்கூடம் அவர் கைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகியிருந்தது. அரிசியைக் கையில் எடுத்துப் பார்த்தால் எந்த ஊர் என்று சொல்லுவார். எழுத்தைக் கையில் கொடுத்தால் எது தலை, எது கால் என்று தெரியாது. வாடிக்கைக்காரர் எது சொன்னாலும் சரி என்பார். அதுதான் அவருக்குத் தெரிந்த வியாபாரம்.

அவரிடம் ஒரு வாத்தியார் புத்தகம் அச்சடிக்க வந்தார். தியாகராய நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுப்பவர். பையன்கள் எல்லாப் பாடத்திலும் பாஸாகி இங்கிலீஷில் மட்டும் கோட்டை விடுகிறார்கள் என்று, அன்றாடம் வேண்டிய இங்கிலீஷ் வார்த்தைகளுக்குத் தமிழில் அர்த்தமும் உதாரண வாக்கியமும் எழுதியிருந்தார். அப்போது காகிதத்துக்குக் கட்டுப்பாடு. பர்மிட் இல்லாமல் ஒரு கட்டு வாங்க முடியாது. அந்த மனுஷன் நாலு மாதம் ஆபீஸ் ஆபீஸாக நடந்து பர்மிட் வாங்கியிருந்தார். ஆயிரம் பிரதிக்குச் சரியாக இருந்தது அந்தக் காகிதம். கெட்டுப்போனால் மறுபடி கிடைக்காது. புத்தகமும் கிடையாது.

முதல் பாடமே 'ஆர்டர்' என்கிற வார்த்தை. இந்த ஒன்று தெரிந்தால் பாதி இங்கிலீஷ் தெரிந்த மாதிரி என்று மேலே எழுதியிருந்தார். எனக்கு இங்கிலீஷ் எழுத்து தெரியும், இங்கிலீஷ் தெரியாது. ஆனால் பக்கத்தில் அவர் எழுதியிருந்த தமிழையும் நான்தானே கோத்தேன். பதினோரு அர்த்தம். வரிசை என்பது முதல் அர்த்தம். ஒழுங்கு என்பது இரண்டாவது. மேலே இருப்பவன் போடுகிற கட்டளை. கடையில் இந்தச் சாமான் வேண்டும் என்று சொல்லிவைப்பது. தபால்காரன் கொண்டுவருகிற மணியார்டர். கூட்டத்தில் கூச்சல் கிளம்பினால் தலைவர் மேஜையைத் தட்டிச் சொல்வது. ஓடாமல் நின்றுபோன மிஷினுக்குச் சொல்வது. ஒரு காரியத்தின் பொருட்டு என்பதுகூட இதே வார்த்தையில் வருகிறதாம். அதுவரை அந்த வார்த்தையை நான் காபி ஹோட்டல் சர்வர் வாயில்தான் கேட்டிருந்தேன். அன்று முதல் தெருவில் யார் பேசினாலும் அது என் காதில் விழ ஆரம்பித்தது. டிராமில் போகிற குமாஸ்தா, ஆர்டர் வந்துவிட்டது, மாற்றல் என்று அழுவான். தையற்காரன் ஆர்டர் அதிகம், பத்து நாள் ஆகும் என்பான். வாத்தியார் சொன்னது சரிதான் என்று நினைத்துக்கொண்டேன். அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

அதை அவரே கெடுத்துக்கொண்டார்.

முதல் பதினாறு பக்கமும் கோத்துத் திருத்தி முடித்து, மிஷினில் ஏற்றுவதற்காகக் கல் மேஜை மேல் அடுக்கி வைத்திருந்தேன். தாளின் முன்புறம் எட்டுப் பக்கம், பின்புறம் எட்டுப் பக்கம். இந்த அடுக்கைத் தெரியாதவர்கள் பார்த்தால் பைத்தியக்காரன் வேலை மாதிரி இருக்கும். ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு, அடுத்தது பதின்மூன்று, அப்புறம் நாலு. எதிர் வரிசையில் எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, ஐந்து, அதுவும் தலைகீழாக. அடித்த தாளை மூன்று தடவை மடித்து ஓரத்தை வெட்டினால் ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசையாக வந்துவிடும். ஜோடிப் பக்கங்களைக் கூட்டினால் பதினேழு வரவேண்டும், அதுதான் எங்கள் சோதனை. எனக்கு இது சோறு பிசைகிற மாதிரி. யோசிக்கவே வேண்டாம்.

காலையில் வாத்தியார் பள்ளிக்கூடம் போகிற வழியில் உள்ளே வந்தார். பஞ்சகச்சம், மூடின கோட்டு, தலைப்பாகை. கல் மேஜையைப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"என்னய்யா இது? ஒண்ணுக்குப் பக்கத்துல பதினாறு நிக்கறது. எட்டு தலைகீழா நிக்கறது. என் பசங்க தலைகீழா நின்னுண்டா படிப்பா?"

"அது அப்டித்தான் சார் இருக்கும்."

"அப்டித்தான்னா என்ன அர்த்தம்?"

"அப்டித்தான்னா அப்டித்தான். சொன்னா உங்களுக்குப் புரியாது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வேல கீது."

அந்த இடத்தில் ஒரு காகிதத்தை எடுத்து மடித்துக் காட்டியிருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். நான் செய்யவில்லை. என் வேலையில் ஒருத்தன் குற்றம் சொன்னால் எனக்குக் காது அடைத்துவிடும். அவருக்கும் கோபம். முதலாளியைக் கூப்பிட்டார். மேஜை மேல் விரலை வைத்துக் காட்டினார். "மேல் வரிசையில ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. கீழ அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு. எல்லாம் நேரா நிக்கணும். இதுக்குப் பேர்தான்யா ஆர்டர். நான் என்ன எழுதியிருக்கேன், நீங்க என்ன பண்ணி வெச்சிருக்கேள்!"

முதலாளி என்னைப் பார்த்து, "அவர் புஸ்தகம், அவர் காகிதம். அவர் சொல்ற மாதிரி மாத்தி வை" என்றார்.

நான் வாத்தியாரைப் பார்த்துச் சொன்னேன்: "ஆர்டருக்குப் பதினோரு அர்த்தம் எழுதினீங்களே, பன்னண்டாவதா இதையும் எழுதிக்குங்க. கல்லு மேல கை வெச்சா கை ஒடையும்."

பேசியிருக்கக் கூடாது. பேசிவிட்டேன். முதலாளி தெருவுக்கே கேட்கிற மாதிரிக் கத்தினார், வெளியே போடா என்று. சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டேன்.

வீட்டில் என் சம்சாரம் அடுப்பங்கரையில் இருந்தாள். வேலை நேரத்தில் நான் வந்து நின்றதுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "இன்னா, வாய வுட்டியா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு இருக்கிறதாம், எட்டு தலைகீழாக இருக்கிறதாம் என்று திட்டித் தீர்த்தேன்.

அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "ஒண்ணுக்குப் பக்கத்துல பதினாறு வெச்சா தப்புத்தானே? அந்த ஐயரு கேட்டது நாயந்தானே?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அவளுக்கு எழுத்து தெரியாது, எண் தெரியும். பழைய நோட்டீஸ் ஒன்றை எடுத்து, மூன்று தடவை மடித்து, மடிப்பைப் பிரிக்காமல் விலக்கி விலக்கிப் பென்சிலால் ஒன்றிலிருந்து பதினாறு வரை எண் போட்டு அவள் கையில் கொடுத்தேன். பிரித்துப் பார் என்றேன். பிரித்தாள். ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு. எட்டு தலைகீழாக. மறுபடி மடித்தாள், மறுபடி பிரித்தாள்.

"அட! இதான் சங்கதியா? இத அவருகிட்ட காட்டுனியா?"

"இல்ல."

"காட்டாம இன்னாத்துக்கு அங்க கத்திக்கினு வந்த?"

நோட்டீஸைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வாசலில் போய் உட்கார்ந்தேன். அன்று முழுக்க அவளோடு பேசவில்லை.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு வேளைக்கு மிஷின் பாய் சைக்கிளில் வந்தார். எங்கள் அச்சுக்கூடத்தில் மிஷின் ஓட்டுகிறவர், என்னைவிடப் பத்து வயது பெரியவர். சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார்.

"நைனா, புது ஆள வெச்சி எல்லாத்தயும் வாத்தியாரு சொன்ன மாதிரி நேரா அடுக்கிட்டாங்க. மூணு மணிக்கு ஏத்தச் சொல்ட்டாரு மொதலாளி."

"ஏத்துங்க. நாசமாப் போவட்டும். ஆயிரம் தாளும் அடிச்சி மடிச்சப்புறம் அந்த ஆளு மூஞ்சியப் பாக்கணும். அதுக்கோசரம் நானே வரேன்."

"மூஞ்சியப் பாத்து இன்னா பண்ணுவே? நான் மொதலாளிகிட்ட சொன்னேன், கேக்கல. இது பர்மிட் காகிதம்பா. நாலு மாசம் நடந்திருக்காரு மனுசன். நாளிக்கி எல்லாம் கெட்டப்புறம் யாரு தலையில வுழும்? மிஷின் தப்பா அடிச்சிடுச்சின்னு என் தலையில வுழும்."

உண்மையைச் சொல்கிறேன், வாத்தியாரின் நாலு மாதத்துக்காக நான் எழுந்திருக்கவில்லை. பாய் தலையில் விழும் என்று கேட்டதும்தான் எழுந்தேன். அவர் சைக்கிளைக் கொடுத்தார். "எவ்ளோ நேரம் புடிச்சி வெக்க முடியும்?" என்று கேட்டேன். "நீ போ. மிஷின் என் கையில கீது" என்றார்.

வெயிலில் லஸ் தாண்டி, எல்டாம்ஸ் ரோடு வழியாகத் தேனாம்பேட்டை போய், மவுண்ட் ரோடைக் கடந்து தியாகராய நகர் போய்ச் சேர்ந்தபோது சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. பள்ளிக்கூடத்து வாசலில் பியூன் மறித்தான். வாத்தியார் வீட்டுச் சமாசாரம், அவசரம் என்று பொய் சொன்னேன். அறையைக் காட்டினான்.

வாத்தியார் கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். பலகையில் என்ன எழுதியிருந்தது தெரியுமா? அதே வார்த்தை. அந்த ஐந்து எழுத்தை நான் எத்தனை தடவை கையால் பொறுக்கியிருப்பேன்! தூரத்திலிருந்தே அடையாளம் தெரிந்தது. நாற்பது பையன்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் அவர் கண் சிவந்தது. "கையை உடைக்கறதுக்கு இங்கேயே வந்துட்டியா? வெளியில நில்லு" என்றார்.

நான் நிற்கவில்லை. நேராக அவர் மேஜைக்குப் போனேன். பையிலிருந்து அந்த நோட்டீஸை எடுத்தேன். அப்புறம் அதை உள்ளேயே வைத்துவிட்டேன். நான் எண் போட்டதைக் காட்டினால் நான் ஏதோ வித்தை செய்ததாகச் சொல்வார். மேஜை மேல் கிடந்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று தடவை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

"சார், இது உங்க புஸ்தகம். பிரிக்காம, மடிப்ப வெலக்கி, மொதப் பக்கத்துலருந்து பதினாறு வரைக்கும் நீங்களே நெம்பர் போடுங்க. போட்டுட்டுப் பிரிங்க. தப்பா இருந்தா உங்க பசங்க முன்னாடியே என்ன அடிங்க."

அடிங்க என்றதும் பையன்கள் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார், தாளை ஒரு தடவை பார்த்தார். மூக்குக் கண்ணாடியைத் தள்ளிக்கொண்டு எண் போட ஆரம்பித்தார். ஒழுங்கான மனுஷன், ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே கோடு வேறு போட்டார். ஏழு, எட்டு, ஒன்பது. பதினாறு போட்டு முடித்துத் தாளைப் பிரித்தார்.

ஒன்றுக்குப் பக்கத்தில் பதினாறு. தன் கையால் எழுதின பதினாறு. எட்டு தலைகீழாக நின்றது.

அவர் தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். என் சம்சாரம் செய்த மாதிரியே செய்தார். நான் ஏதாவது குத்தலாகச் சொல்ல வேண்டும் என்று வழி முழுக்க யோசித்து வைத்திருந்தேன். அவர் மடித்து மடித்துப் பார்ப்பதைக் கண்டதும் அது வாயில் வரவில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வி: "மணி என்னய்யா?"

"ரெண்டரை இருக்கும் சார். மூணு மணிக்கு ஏத்தறாங்க."

பக்கத்து அறை வாத்தியாரிடம் வகுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஓடி வந்தார். வாசலில் ஜட்கா இல்லை, ரிக்ஷாவும் இல்லை. சைக்கிள் பின்சீட்டைப் பார்த்தார். கச்சத்தை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார். பள்ளிக்கூடத்து ஜன்னல் எல்லாம் தலையாக நிறைந்துவிட்டது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை, ஒரு கையால் தலைப்பாகையையும் ஒரு கையால் என் சட்டையையும் பிடித்துக்கொண்டார்.

தேனாம்பேட்டை முனையில் போலீஸ்காரன் கையைக் காட்டினான். சைக்கிளில் இரண்டு பேர் போகக் கூடாது. நான் வாயைத் திறப்பதற்குள் வாத்தியார் குதித்து இறங்கி, "தப்புதான். பேரை எழுதிக்கோ, விலாசத்தை எழுதிக்கோ, அபராதம் கட்டறேன். ஆனா சீக்கிரம் எழுது" என்றார். இப்படி ஒரு ஆளை அந்தப் போலீஸ்காரன் பார்த்ததே இல்லை போலிருக்கிறது. சிரித்துவிட்டு, நடந்து போங்க என்றான். நடந்தோம். முனை திரும்பினதும் வாத்தியார் மெதுவாக என் காதருகே கேட்டார்: "இப்போ ஏறலாமோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. எல்டாம்ஸ் ரோடில் நான் மிதித்த மாதிரி என் ஆயுசில் மிதித்ததில்லை.

அச்சுக்கூடத்துக்குள் நுழைந்தபோது மணி மூன்றரை. முதலாளி கத்திக்கொண்டிருந்தார். பாய் மிஷினுக்கு அடியில் மல்லாந்து படுத்திருந்தார், முகமெல்லாம் மை. காலையில் நன்றாக ஓடின மிஷின் மூன்று மணிக்குச் சரியாக ஏன் நிற்கும் என்று முதலாளி கேட்க, "அவுட் ஆஃப் ஆர்டர் மொதலாளி, நான் இன்னா பண்றது" என்று அடியிலிருந்து குரல் வந்தது. அந்த வார்த்தை அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள். நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன், ஏழாவது அர்த்தம். என்னையும் எனக்குப் பின்னால் வாத்தியாரையும் பார்த்ததும் பாய் வெளியே வந்தார். மிஷினிலிருந்து கழற்றி இடுப்பில் ஒளித்து வைத்திருந்த ஒரு பெரிய மரையாணியை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒரு தாள்கூட அச்சாகியிருக்கவில்லை.

வாத்தியார் அந்தப் பென்சில் எண் போட்ட தாளை முதலாளி முன்னால் பிரித்தார். "தப்பு என்னோடது. இவர் வெச்சதுதான் சரி. இவரையே மறுபடி அடுக்கச் சொல்லுங்கோ" என்றார். முதலாளிக்கு அந்தத் தாளில் ஒன்றும் புரியவில்லை. வாடிக்கைக்காரர் சொன்னது மட்டும் புரிந்தது. என்னைப் பார்க்காமல், சரி, உள்ள போ என்று முணுமுணுத்தார்.

"நேத்து தெருவுக்கே கேக்கற மாதிரி 'வெளிய போ'ன்னீங்க. 'உள்ள வா'ன்றதயும் அதே சத்தத்துல சொல்லுங்க" என்றேன்.

பாய் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். முதலாளி வாத்தியாரைப் பார்த்தார். வாத்தியார் கூரையைப் பார்த்தார். கடைசியில் முதலாளி சொன்னார். சத்தமாகவே சொன்னார். எதிர்வீட்டு அம்மாள் எட்டிப் பார்க்கிற அளவுக்குச் சொன்னார். நான் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

ஒன்று, பதினாறு, பதின்மூன்று, நாலு. எட்டு, ஒன்பது, பன்னிரண்டு, ஐந்து. அடுக்கி முடிக்கிற வரை வாத்தியார் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். மேஜை மேல் கை வைக்கவில்லை, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பிறகு, "பன்னண்டாவது அர்த்தம் ஒண்ணு சொன்னியே, முதல் பாடத்துக்கு அடியில எடம் இருக்கா?" என்று கேட்டார். இரண்டு வரிக்கு இடம் இருந்தது. ஒரு துண்டுக் காகிதத்தில் இங்கிலீஷில் ஒரு வாக்கியம், கீழே தமிழில் அதன் அர்த்தம் எழுதிக் கொடுத்தார்.

படித்தேன். 'தெரியாதவன் கலைத்த பக்கங்களைத் தெரிந்தவர் ஒழுங்காக வைத்தார்.'

கை ஒடையும் என்று போடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் எனக்கு எழுத்துப் பெட்டியே கண்ணுக்குத் தெரியவில்லை. அந்த இரண்டு வரியையும் நானே கோத்தேன். மிஷின் ஓடியது. சாயங்காலம் இரண்டு புறமும் அடித்து மை காய்ந்த முதல் தாளைப் பாய் என்னிடம் தராமல் வாத்தியாரிடம் கொடுத்தார். அவர் தானே மூன்று தடவை மடித்து, ஓரத்தை வெட்டி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று பதினாறு வரை எண்ணினார். பதினாறு வந்ததும் பாய் கை தட்டினார். முதலாளியும் எதற்கென்று தெரியாமலே தட்டினார்.

ஆயிரம் பிரதியும் விற்றுப்போயிற்று. ஒரு பிரதியை வாத்தியார் என் சம்சாரத்துக்கென்று கொடுத்தனுப்பினார். மடித்த கதையை அவரிடம் சொல்லியிருந்தேன். எழுத்து தெரியாதவள் அதை வைத்துக்கொண்டு, "நான் கேட்ட கேள்வி இதுல எந்தப் பக்கத்துல கீது?" என்று வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் காட்டினாள்.

அதன் பிறகு நான் வேறு அச்சுக்கூடங்களில் வேலை செய்தேன், எத்தனையோ முதலாளிகளோடு சண்டை போட்டேன், என் கோபம் இன்னும் அப்படியே இருக்கிறது. ஆனால் நான் செய்ததெல்லாம் தலைகீழாக இருக்கிறது என்று எவனாவது வந்து நின்றால், இப்போதெல்லாம் முதலில் ஒரு காகிதத்தை எடுத்து மடித்து அவன் கையில் கொடுக்கிறேன். கத்துவதெல்லாம் அவன் பிரித்துப் பார்த்த பிறகுதான்.